ஏற்றத்தில் திணறும் வண்டி



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பூசை முடித்துவிட்டுக் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், நமது பங்கைச் சேர்ந்த ஒருவர் வாயிற்படியில் வந்து நின்றார். பூ ஏற்றிச் செல்லும் சிறு வேன் ஒன்று அவருக்கு உண்டு. இருபது ஆண்டுகள் கடந்த பெட்ரோல் வண்டி. விடியுமுன் தோட்டங்களில் மல்லிகையை ஏற்றிக்கொண்டு நிலக்கோட்டைச் சந்தைக்குச் செல்வார். திரும்பும் வழியில் தம் மக்கள் இருவரையும் பள்ளியில் விடுவார். அன்று அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"சாமி, இன்னைக்கு ரயில்வே கேட்டுல, தண்டவாளத்து மேலயே நின்னுபோச்சு" என்றார்.

கேட்டைத் தாண்டும் மேட்டில் ஏறும்பொழுது வண்டி முக்கி முனகி, தண்டவாளத்தின் மேல் வந்ததும் மூச்சை விட்டுவிட்டதாம். பின்னால் வந்த இருசக்கர வண்டிக்காரர்களும் கேட்டுக்காரரும் ஓடிவந்து தள்ளியிருக்கின்றனர். ரெயில் வரும் நேரமன்று. ஆதலின் ஒன்றும் ஆகவில்லை. ஆயினும் முன் இருக்கையில் பத்து வயது மகள் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள் என்று அவர் கூறியபொழுது, நமக்கும் காப்பி இறங்கவில்லை.

இது முதல் தடவையன்று. மூன்று மாதங்களாகவே வண்டிக்கு இந்தச் சீக்கு. சமதரையில் நன்றாக ஓடும். சுமை ஏறினாலோ, மேடு வந்தாலோ திணறும். காலையில் முதன்முறை கிளப்புவதற்குள் பாட்டரி களைத்துவிடும். ஒரு பட்டறையில் பிளக்குகளை மாற்றினர். இன்னொன்றில் காயிலை மாற்றினர். மூன்றாவதில் திராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினர். கடைசியில் கருவி ஒன்றை மாட்டிப் பார்த்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று ஆக்ஸிஜன் சென்சார் காட்டுகிறது, ஆகவே சென்சார் கெட்டது என்று முடிவு கட்டி அதையும் மாற்றினர். ஆகமொத்தம் பன்னிரண்டாயிரம் ரூபாய் போயிற்று. இப்பொழுது, பெட்ரோல் பம்பை மாற்றவேண்டும், இன்னும் ஐயாயிரத்துக்கு மேல் ஆகும் என்று கூறுகின்றனராம். மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்கவே அவர் வந்திருந்தார்.

"பிரஷரை யாராவது அளந்து பார்த்தாங்களா தம்பி?" என்று கேட்டோம்.

"அப்படின்னா என்ன சாமி?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்கு விடையாகவே இம்மாதக் கட்டுரையை எழுதுகிறோம். பழைய வண்டியை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் ஏராளம். ஒரு குறி சென்சாரைப் பற்றிப் பேசினால் சென்சாரையே குற்றவாளியாக்கும் வழக்கமும் ஏராளம். உண்மையைச் சொன்ன தூதனுக்குத் தண்டனை கொடுப்பதற்கு இது ஒப்பாகும். அந்தச் சென்சார் பொய் சொல்லவில்லை. எஞ்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்றுதான் கூவிக்கொண்டிருந்தது.

வாசகர்களில் சிலர், "சாமியாருக்கும் ஸ்பேனருக்கும் என்ன சம்பந்தம்?" என வினவக்கூடும். குருமடத்தில் நாம் பயின்ற நாள்களில் அங்கிருந்த வண்டிகளையும் மோட்டார்களையும் ஓர் அருட்சகோதரர் பேணிவந்தார். வியாழக்கிழமைப் பிற்பகல்களில் அவருக்கு உதவியாகக் கைவிளக்குப் பிடிக்கும் பணி நம்முடையது. தருக்க நூலில், ஒன்றன்பின் மற்றொன்று வந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது என்று வகுப்பறையில் இலத்தீன் மொழியில் கற்றோம். அதன் பொருள் விளங்கியது என்னவோ அந்தச் சகோதரரின் கொட்டகையில்தான்.

அக்காலத்து வண்டிகளின் கதையை முதலில் கூறிவிடுவோம். இன்றும் சில ஜீப்புகளும் கார்களும் அவ்வகையில் ஓடுகின்றன. கார்புரேட்டர் வைத்த வண்டிகளில் பெட்ரோல் பம்பு எஞ்ஜினின் பக்கவாட்டில் அமர்ந்திருக்கும். கேம் தண்டு சுழலும்பொழுது ஒரு நெம்புகோலை ஆட்டும். அது உள்ளே இருக்கும் டயாப்ரம் என்னும் மெல்லிய திரையைக் கீழே இழுக்கும். டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். பின்பு ஒரு சுருள்வில் திரையை மேலே தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்லும். ஆக, அழுத்தத்தைத் தருவது எஞ்ஜினின் வேகமன்று, அந்தச் சுருள்வில்லே. வில் தளர்ந்தாலும், திரை கிழிந்தாலும், உள்ளிருக்கும் இரு வால்வுகளில் குப்பை சிக்கினாலும் அழுத்தம் போயிற்று. அந்த அழுத்தமும் பெரிதன்று. பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 2 முதல் 5 பவுண்டுக்குள் அடங்கும். சைக்கிள் டயரின் காற்று இதைவிடப் பன்மடங்கு.

1998-ஆம் ஆண்டு, உதவிப் பங்குக் குருவாக இருந்தபொழுது, பங்கின் பழைய பெட்ரோல் ஜீப்பில் வத்தலக்குண்டிலிருந்து மலையேறினோம். பாதி வழியில் ஜீப் நின்றது. உடன் வந்த அனைவரும் ஒரே குரலில் "வேப்பர் லாக்" என்றனர். வெயிலாலும் எஞ்ஜின் சூட்டாலும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்பு ஆவியைப் பிடித்திழுத்துக்கொண்டு வெறுமனே ஆடுவதற்குத்தான் அப்பெயர். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் எளிதில் கொதிக்கும். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரமன்றோ. ஆகவே அந்த ஊகம் அறிவீனமன்று. ஈரச் சாக்கைப் பம்பின்மேல் போட்டோம். அரைமணி கழித்துக் கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டி மீண்டும் நின்றது. இப்படி நான்கு முறை. ஊர் போய்ச் சேர்ந்தபொழுது இரவு ஒன்பது மணி.

ஒரு வாரம் கழித்து அந்த அருட்சகோதரரிடம் கூறியபொழுது அவர் எஞ்ஜினைத் தொடவேயில்லை. ஆயில் அளவுகோலை உருவி முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் நாற்றம். ஆயிலின் மட்டமும் இருக்கவேண்டியதைவிட மேலே நின்றது. டயாப்ரம் கிழிந்து, மேலே கார்புரேட்டருக்குச் செல்லவேண்டிய பெட்ரோலில் ஒரு பங்கு கீழே ஆயிலுக்குள் வடிந்துகொண்டிருந்தது. "இன்னும் நூறு மைல் ஓட்டியிருந்தால் பேரிங்குகளை அள்ளி எடுத்திருப்பீர்" என்றார். நீர்த்துப்போன ஆயில் உராய்வைத் தாங்காது. ஈரச் சாக்கினால் ஜீப் கிளம்பவில்லை. அரைமணி நேரம் சும்மா நின்றதில் ஒழுகல் போக மிச்சமிருந்த பெட்ரோல் கையால் அடித்த பம்பினால் கார்புரேட்டரில் நிறைந்தது, அவ்வளவே. சாக்கைப் போட்டபின் கிளம்பியதால் சாக்கே மருந்து என்று நம்பினோம்.

அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய எளிய சோதனைகள் சில உண்டு. காயிலிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிப் பொறி வராமல் செய்துகொண்டு, கார்புரேட்டரில் சேரும் குழாயை அவிழ்த்து ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ப் அடித்துப் பார்க்கவேண்டும். பெட்ரோல் துடித்துத் துடித்து வலுவாகக் கொட்டினால் பம்பு நலம். குமிழி குமிழியாய் வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்றுப் புகுகிறது. வெடித்த ரப்பர் குழாயோ, பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தடியில் இருக்கும் வாஷரோ காரணமாகலாம். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கமாதலின் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கண்ணுக்குத் தெரியாது. ஓட்டையைத் தேடி ஈரம் எங்கே என்று பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒருவேளை வண்டி அரைமணி ஓடி நின்று, சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடுமாயின், டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியின் மூச்சுத்துளை அடைபட்டுள்ளது. ஊசிமுனையால் தீரும் நோய்க்குப் புதுப் பம்பு வாங்கியவர்களை நாம் அறிவோம்.

நிற்க. பூ வேனுக்கு வருவோம்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதை ஒட்டி, புதிய கார்களில் கார்புரேட்டர் மறைந்து இஞ்செக்ஷன் முறை வந்தது. மேலைநாடுகளில் இது பழைய செய்தி. மின்னணுவால் இயங்கும் பெட்ரோல் இஞ்செக்ஷனைப் பாஷ் நிறுவனம் 1967-இலேயே வோக்ஸ்வாகன் காரில் பொருத்திவிட்டது. இம்முறையில் பம்பு எஞ்ஜினருகில் இல்லை, மின்சாரத்தால் ஓடுவது, பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும். அங்கிருந்து பில்டர் வழியாக ரெயில் எனப்படும் குழாய்க்குப் பெட்ரோல் வரும். ரெயிலிலிருந்து இஞ்செக்டர்கள் அதைத் தூவும். ரெயிலின் ஓரத்தில் ரெகுலேட்டர் என்றொரு சிறு உறுப்பு இருந்து, அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் திறந்து மிகுதியைத் திரும்பு குழாய் வழியே டேங்குக்கே அனுப்பிவிடும். (பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் ரெகுலேட்டரும் டேங்குக்குள் போய்விட்டது, திரும்பு குழாயே இராது.) இவ்வகை வண்டிகளில் அழுத்தம் பொதுவாக 2.5 முதல் 3 பார், அதாவது காரின் டயர்க் காற்றை ஒட்டிய அளவும் அதற்குச் சற்று மேலும். உங்கள் வண்டிக்குரிய சரியான எண்ணை அதன் கையேட்டில்தான் பார்க்கவேண்டும்.

இப்பொழுது ஒன்றைக் கவனியுங்கள். இஞ்செக்டரைத் திறந்து மூடும் கணினி, எத்தனை துளி பெட்ரோல் விழுந்தது என்று எண்ணுவதில்லை. அழுத்தம் சரியாக இருக்கிறது என்னும் நம்பிக்கையில், இத்தனை மில்லிசெகண்டு திறந்தால் இவ்வளவு விழும் என்று கணக்கிடுகிறது. அழுத்தம் குறைந்தால் அதே நேரத்தில் குறைவாகவே விழும். 3 பார் இருக்கவேண்டிய இடத்தில் 2 பார் இருந்தால், விழும் பெட்ரோல் ஏறக்குறைய 18 விழுக்காடு குறைந்துவிடும். சமதரையில் மெதுவாய்ப் போகையில் ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டு சொல்ல, கணினியும் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிச் சமாளித்துக்கொள்ளும். சுமையேற்றி மேட்டில் ஏறுகையில் தேவை பலமடங்காகிறது, சமாளிப்பதற்கு இடமில்லை. ஆகவேதான் பட்டறை வாசலில் நன்றாக ஓடிய வண்டி, ரெயில்வே கேட்டில் நின்றது. "இங்கே நல்லாத்தானே ஓடுது" என்று மெக்கானிக் கூறியதில் கபடமில்லை. அவர் தட்டையான தெருவில் ஓட்டிப் பார்த்தார்.

பக்கத்து ஊரில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அழுத்தம் அளக்கும் கேஜ் அவரிடம் உண்டு. அடுத்த நாள் வேனை அவரிடம் கொண்டுசென்றோம்.

அவர் முதலில் செய்தது கேஜை மாட்டுவதன்று. சாவியைத் திருப்பி, கிளப்பாமல் நிறுத்தி, டேங்கின் வாயருகே காதை வைத்துக் கேட்கச் சொன்னார். சாவி போட்டதும் பம்பு இரண்டு நொடி முனகி அடங்கும். முனகியது. ஆயினும், "பசியில அழுவுற பிள்ளை மாதிரில்ல சத்தம் கேக்குது" என்றார் பெரியவர். அடுத்து, பம்பின் பியூசைக் கழற்றிவிட்டு எஞ்ஜினை ஓடவிட்டார். குழாயில் இருந்த பெட்ரோல் தீர்ந்ததும் தானாக நின்றது. மீண்டும் இருமுறை செல்ப் அடித்தார். அதன்பின் பாட்டரியின் எர்த்து முனையைக் கழற்றி, இணைப்பின்மேல் துணியைச் சுற்றிக்கொண்டுதான் குழாயை அவிழ்த்தார்.

இந்த இடத்தில் சற்று நின்று அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. 3 பார் அழுத்தத்தில் உள்ள பெட்ரோல், குழாயை அவிழ்த்ததும் சொட்டாது, பீச்சியடிக்கும். சூடான எஞ்ஜினின்மேல் பட்டால் என்னவாகும் என்று விளக்கவேண்டியதில்லை. இத்தகைய சிறு வேன்களில் எஞ்ஜின் முன் இருக்கையின் அடியிலேயே இருப்பதால், தீ எழுந்தால் அது ஓட்டுநரின் மடியிலிருந்தே எழும். வீட்டுத் திண்ணையருகே, கொசுவர்த்திச் சுருள் எரியும் தாழ்வாரத்தில், மூடிய கொட்டகையில் இவ்வேலையைச் செய்யாதீர்கள். பீடி புகைக்கும் உதவியாளரை அனுப்பிவிடுங்கள். தீயணைக்கும் கருவியோ, உலர்ந்த மணல் வாளியோ கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். குழாயை மாற்றினால் இஞ்செக்ஷனுக்கென்றே செய்த கெட்டிக் குழாயையும் அதற்குரிய கிளிப்பையுமே போடுங்கள். பழைய கார்புரேட்டர்க் குழாய் மலிவு என்று மாட்டினால் அது பாம்புபோல் உப்பி வெடிக்கும். வாயால் பெட்ரோலை உறிஞ்சி எடுப்பதையும் விட்டுவிடுங்கள். தவறி நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. விழுங்கியவர்களை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். டீசல் வண்டிக்காரர்களுக்கும் ஒரு சொல்: புதிய காமன் ரெயில் எஞ்ஜின்களில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே செல்லும். கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே புகும். அதில் நாமும் கை வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

கேஜை மாட்டி பம்பை ஓடவிட்டபொழுது முள் 2.2 பாரில் நின்றது. அவ்வண்டிக்கு 3 இருக்கவேண்டும். எஞ்ஜினைக் கிளப்பி ஒருமுறை ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 1.5-க்கு விழுந்தது. நோய் உண்டென்று உறுதியாயிற்று. பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவில் கிட்டாத செய்தி, பத்து நிமிடத்தில் கிட்டியது.

ஆனால் அழுத்தம் குறைவு என்பது காய்ச்சல் என்பதைப் போன்றது. எதனால் என்பது இனிமேல்தான். பம்பு தரவில்லையா, வழியில் அடைப்பா, அல்லது வந்ததை ரெகுலேட்டர் வீணே திருப்பி அனுப்பிவிடுகிறதா?

பெரியவர் திரும்பு குழாயின் முனையைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டுப் பம்பை ஓட்டினார். நலமான வண்டியில் இங்கே பெட்ரோல் தாராளமாகக் கொட்டும். இங்கோ ஒரு சொட்டும் வரவில்லை. ரெகுலேட்டர் திறக்கவேயில்லை, திருப்பி அனுப்ப மிச்சமிருந்தால் அல்லவோ திறக்கும்? முனையை மீண்டும் மாட்டி, அந்த ரப்பர் குழாயைத் துணி சுற்றிய இடுக்கியால் மெல்ல நெருக்கினார். ரெகுலேட்டர் கெட்டிருந்தால் முள் உடனே மேலே தாவியிருக்கும். இங்கு அசையவில்லை. (ரப்பர் குழாயை மட்டுமே இவ்வாறு நெருக்கலாம். பிளாஸ்டிக் குழாய் உடைந்துவிடும். அதுவும் ஓரிரு நொடிதான்.) ரெகுலேட்டருக்குச் செல்லும் வேக்குவம் குழாயை உருவி முகர்ந்தார், பெட்ரோல் வாசனை இல்லை. இருந்திருந்தால் உள்ளே திரை கிழிந்ததென்று பொருள். ஆக ரெகுலேட்டர் நிரபராதி.

அடுத்தது பில்டர். எப்பொழுது மாற்றியது என்று கேட்டோம். பூக்கார அன்பர் தலையைச் சொறிந்தார். கழற்றிக் கவிழ்த்தபொழுது உள்ளிருந்து காப்பி டிக்காஷன் நிறத்தில் வடிந்தது. சில நூறு ரூபாயில் புதியது மாட்டப்பட்டது. முள் 2.4-க்கு ஏறியது, அதற்கு மேல் போகவில்லை.

"பம்புதான் சாமி, அவங்க சொன்னது சரிதான்" என்று அன்பர் சட்டைப்பையைத் தொட்டார். உண்மையைச் சொன்னால், நமக்கும் அப்படித்தான் பட்டது. பெரியவர் மட்டும் உடன்படவில்லை. "பம்பு வேலை செய்யலைன்னு சொல்றதுக்கு முந்தி, அதுக்குச் சோறு போட்டமான்னு பாக்கணும்ல?" என்று மல்டிமீட்டரை எடுத்தார்.

எஞ்ஜின் ஓடும்பொழுது பாட்டரியில் 13.8 வோல்ட். டேங்கின் அருகே பம்பின் இணைப்பில் 10.6. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்திருந்தது! வோல்ட்டு குறைந்தால் மோட்டார் மெதுவாய்ச் சுழலும். மெதுவாய்ச் சுழலும் பம்பு அழுத்தம் தராது. எந்தக் கையில் தொலைகிறது? மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பம்பின் எர்த்து ஒயரிலும் வைத்தார். நல்ல இணைப்பாயின் மீட்டர் ஏறக்குறைய சூன்யம் காட்டவேண்டும். 2.7 காட்டியது. வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால், எர்த்து ஒயர் சட்டத்தில் முடுக்கப்பட்ட இடத்தில் சேறும் துருவும் கலந்து பச்சையும் பழுப்புமாய் ஒரு கட்டி. பூக்கூடைகளிலிருந்து நாள்தோறும் சொட்டிய தண்ணீர் தரைத்தகட்டின் இடுக்கு வழியே அங்கேதான் இறங்கியிருக்கிறது. மல்லிகை வாடாமலிருக்கத் தெளித்த நீர், வண்டியை வாட்டிவிட்டது.

உப்புத்தாளால் தேய்த்து, புது முனை வைத்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பம்பில் 13.2 வோல்ட். முள் 3 பாருக்கு வந்து நின்றது. வேக்குவம் குழாயை மாட்டி ஐடிலில் விட்டால் 2.5-க்கு இறங்கியது, உருவினால் அரை பார் ஏறியது. ரெகுலேட்டர் இப்படித்தான் நடந்துகொள்ளவேண்டும். ஒயர் முனையின் விலை சில ரூபாய். பெரியவர் கூலியாக ஐந்நூறு கேட்டார். அன்பர் கூடக் கொடுக்கப் போனதை மறுத்துவிட்டார்.

அத்துடன் எல்லாம் தீர்ந்தது என்று எழுத ஆசைதான். எஞ்ஜினை நிறுத்தியபின் அழுத்தம் சில நிமிடமாவது நிற்கவேண்டும். இந்த வண்டியில் ஒரே நிமிடத்தில் சூன்யத்துக்கு வந்தது. காலையில் கிளம்ப அடம்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நிறுத்திய நொடியில் டேங்கிலிருந்து வரும் குழாயை நெருக்கினால் முள் அப்படியே நின்றது. திரும்பு குழாயை நெருக்கியபொழுது நிற்கவில்லை. ஆகவே பெட்ரோல் பம்பின் வழியே பின்னோக்கி வடிகிறது. பம்பினுள் உள்ள ஒருவழி வால்வு தேய்ந்துவிட்டது. (இரண்டையும் நெருக்கியும் விழுந்திருந்தால், ஏதோவொரு இஞ்செக்டர் ஒழுகுகிறது எனக் கொள்ளலாம்.) அந்த வால்வைத் தனியே மாற்ற வழியில்லை, மாற்றினால் பம்பையே மாற்றவேண்டும். "இப்ப அவசரமில்லை. காலைல சாவியை ரெண்டு மூணு தடவை போட்டு நிறுத்திட்டு அப்புறம் கிளப்பு. பம்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏத்திக் கொடுத்துரும்" என்றார் பெரியவர். பணம் சேரும்பொழுது மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் அவர் கண்டித்துச் சொன்னார். நம் பங்குகளில் பலருக்கும் உள்ள பழக்கம் இது: அன்றன்றைக்கு நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, முள் அடியைத் தொடும்வரை ஓட்டுவது. வறுமையில் பிறந்த பழக்கமாதலின் ஏளனம் செய்யமாட்டோம். ஆயினும் டேங்குக்குள் இருக்கும் மின்பம்புக்குப் பெட்ரோலே குளிர்ச்சி தருவது. குறைந்த பெட்ரோலில் அது சூடேறித் தேயும். அடியில் தங்கிய துருவையும் வண்டலையும் உறிஞ்சும். கால் டேங்காவது எப்பொழுதும் கிடக்கட்டும். மொத்தச் செலவு அதேதான். முதலில் ஒரு தடவை மட்டும் கைக்கடி.

பழைய வண்டிக்காரர்களை இப்பொழுது உறுத்தும் எத்தனால் பற்றியும் சிலர் கேட்டிருந்தனர். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வரத் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் நாளடைவில் உப்பவோ வெடிக்கவோ செய்யும். டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த வண்டலைக் கரைத்து பில்டருக்கு அனுப்பும். அஞ்சி நடுங்கவேண்டியதில்லை. பழைய குழாய்களைத் தக்கவற்றால் மாற்றி, பில்டரைச் சற்று முன்கூட்டியே மாற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைப்பதைத் தவிர்த்தால் போதும். நமது பங்கின் வண்டியில் சென்ற ஆண்டே குழாய்களை மாற்றிவிட்டோம். எடுத்துப் போட்ட பழைய குழாயை வளைத்தபொழுது உள்புறம் காய்ந்த களிமண்போல் விண்டது.

பூ வேனை அன்று மாலையே சோதித்தோம். பன்னிரண்டு கோணிப்பை மணலைப் பின்னால் ஏற்றி, அதே ரெயில்வே கேட்டு மேட்டில் மூன்று முறை ஏற்றி இறக்கினார் அன்பர். நாம் பக்கத்தில் அமர்ந்திருந்தோம். மூன்றாம் முறை கேட்டுக்காரர் வெளியே வந்து, "என்னப்பா, எதையும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டார்.